செட்டிநாட்டுக்கு ஒரு நாள்: தனி கைடா, வெறும் காரா, பஸ்ஸா?

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சொந்தக்காரர்களோ நண்பர்களோ காரைக்குடிப் பக்கம் வருவதாகச் சொன்னால் போனில் வரும் முதல் கேள்வி இதுதான்: "ஒரு நாள்தான் இருக்கு. கைடு வச்சுக்கலாமா, இல்ல வண்டி மட்டும் எடுத்துக்கிட்டு நாங்களே சுத்திக்கலாமா?" ஆளைப் பொறுத்தது என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. வீடுகளைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் உள்ளூர் கைடுக்குக் காசு செலவழியுங்கள், மதுரையிலிருந்து வரும் பெரிய காருக்கு வேண்டாம். கோயில்களுக்காக வருகிறீர்கள் என்றால் கைடே தேவையில்லை. ரெண்டும் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

செட்டிநாடு என்பது டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வரும் ஒரே இடம் கிடையாது. சிவகங்கை, புதுக்கோட்டை ரெண்டு மாவட்டத்திலுமாக 70-க்கும் மேற்பட்ட ஊர்கள். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-ல் சேர்ந்ததும் ஒரு கட்டடமாக இல்லை, ஊர்களின் தொகுப்பாகத்தான். பார்க்க வருகிற பெரிய வீடுகள் எல்லாம் இன்னமும் குடும்பச் சொத்து. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள், ஒருவர் சென்னையில், ஒருவர் கோவையில், ஒருவர் மலேசியாவில். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்து வந்த பணத்தில் எழும்பிய வீடுகள் இவை. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது அங்கே இருந்த சொத்தைப் பலர் அப்படியே விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது, அதற்குப் பிறகு பிழைப்பு பெரிய நகரங்களுக்குப் போய்விட்டது. இப்போது கல்யாணம், அறுபதாம் கல்யாணம் மாதிரியான சாந்தி, முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு என்று ஏதாவது விசேஷம் வந்தால்தான் வீடு முழுசாகத் திறக்கும். மற்ற நாட்களில் சாவி வாட்ச்மேன் கையில். அவருக்கு உங்களைத் தெரியாது, உங்களைக் கூட்டி வருபவரைத் தெரிந்திருந்தால் கதவு திறக்கும். இந்த ஊரில் கைடுக்குக் கொடுக்கும் காசில் பாதி பேச்சுக்கு, மீதிப் பாதி இந்தப் பழக்கத்துக்கு.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் பார்ப்போம்.

முதலில் மதுரை அல்லது திருச்சியிலிருந்து 'செட்டிநாடு ஒரு நாள் தனி டூர்' என்று வரும் ஏற்பாடு. காலையில் ஹோட்டல் வாசலில் ஏற்றி, இரவு அங்கேயே இறக்கிவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும், வயதான அப்பா அம்மாவைக் கூட்டி வருபவர்களுக்கும் இதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மதுரையிலிருந்து காரைக்குடி ஏறத்தாழ 90 கி.மீ., போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். திருச்சியிலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். உள்ளூர்ச் சுற்றலையும் சேர்த்தால் வண்டி 250 கி.மீ. ஓடிவிடும், நீங்கள் கொடுக்கும் காசில் பெரும் பங்கு டீசலுக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் போய்விடும். அதில் மிஞ்சும் நேரத்துக்குள் பிள்ளையார்பட்டி, ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம் கோட்டை எல்லாம் அடங்கவேண்டும், சில ஏஜென்சிகள் சித்தன்னவாசலையும் சேர்த்துப் போடுகிறார்கள். சித்தன்னவாசல் ஓவியங்களைத் தனியாக வந்து நிதானமாகப் பார்க்கவேண்டும், சாயங்காலம் அவசர அவசரமாக ஏறி இறங்கும் இடம் இல்லை அது. என் பெரியம்மா வீட்டார் இப்படி ஒரு டூரில் வந்தார்கள். இடங்களின் பட்டியல் நீளமாக இருந்தது, ஆனால் ஒரு வீட்டின் வளவுக்குள்கூட, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில்கூட, உட்காரவில்லை. கூட வந்த கைடு மீனாட்சி அம்மன் கோயிலைப் பற்றி அருமையாகப் பேசினாராம், கானாடுகாத்தான் தெருவில் மட்டும் யார் வீடு எது என்று வாட்ச்மேனிடம் கேட்டுக் கேட்டுத்தான் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்லவே மாட்டேன், அவர் ஊர் மதுரை. ஆனால் காசு கொடுத்தது செட்டிநாட்டைப் பார்க்க.

இதே ஏற்பாட்டை எடுத்தே ஆகவேண்டும் என்றால் வழியையாவது சரியாகப் போடச் சொல்லுங்கள். மதுரையிலிருந்து வருபவர்களுக்கு மேலூர், திருப்பத்தூர் தாண்டி பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் முதலில் வரும், காலையிலேயே தரிசனத்தை முடித்துவிடலாம். திருச்சியிலிருந்து வருபவர்களுக்குப் புதுக்கோட்டை தாண்டியதும் திருமயம், அடுத்து கானாடுகாத்தான், அப்புறம்தான் காரைக்குடி. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் பிள்ளையார்பட்டிக்கு மதியம் போய்ச் சேர்ந்து, நடை சாத்தியிருக்க, 4 மணி வரை வெளியே காத்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது நான் எல்லாருக்கும் சொல்லும் வழி. ரயிலிலோ பஸ்ஸிலோ முதல் நாள் ராத்திரியே காரைக்குடி வந்துவிடுங்கள். சென்னையிலிருந்து பல்லவன் இருக்கிறது, மத்தியானத்துக்கு மேல் எழும்பூரில் ஏறினால் ராத்திரி காரைக்குடி. தங்கிவிட்டுக் காலையில் உள்ளூர் வண்டியும் உள்ளூர் கைடும். உள்ளூர் வண்டிக்கு 8 மணி நேரம், 80 கி.மீ. என்கிற மாதிரி ஒரு பேக்கேஜ் இருக்கும், அதற்கு மேல் போனால் கி.மீ. கணக்கும் மணிக் கணக்கும் தனி. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி மூன்றும் காரைக்குடியைச் சுற்றி 15 கி.மீ. அளவில்தான் இருக்கின்றன, அதனால் வண்டிச் செலவு கையைக் கடிக்காது. மிச்சமாகும் காசைக் கைடுக்குக் கொடுக்கலாம்.

நல்ல உள்ளூர் கைடு என்ன செய்வார் என்று கேட்டால், முதலில் வீட்டின் வாசலிலேயே நிறுத்திவிடுவார். நிலைக்கு மேலே கஜலட்சுமி செதுக்கியிருக்கும், நாம் அண்ணாந்து பார்க்காமல் உள்ளே நுழைந்துவிடுவோம். முகப்பில் ஆண்கள் உட்கார்ந்து வியாபாரம் பேசுவதும் கணக்குப்பிள்ளை கணக்கு எழுதுவதும் நடந்தது. அதைத் தாண்டினால் வளவு, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். தூணெல்லாம் பர்மாத் தேக்கு, தரையில் இத்தாலி மார்பிள், சுவரில் பெல்ஜியம் கண்ணாடி என்பதை எந்த டிரைவரும் சொல்லிவிடுவார். அந்தச் சின்ன அறைகள் ஏன் என்பதை உள்ளூர்க்காரர்தான் சொல்வார்: கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கல்யாணமானவர் ஒரு புள்ளி, அந்தப் புள்ளிக்கு அந்த அறை, சீர்ச் சாமான்கள் எல்லாம் அதற்குள். கொஞ்ச காலம் கழித்து 'வேறு வைப்பார்கள்', அதாவது ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டே அந்த ஜோடி தனி அடுப்பில் சமைத்துத் தனிக் கணக்கில் குடும்பம் நடத்தும். எத்தனை பெரிய வீடாக இருந்தாலும் அறைகள் ஏன் இத்தனை சின்னதாக இருக்கின்றன, பின்கட்டில் ஏன் இத்தனை அடுப்பு என்பதெல்லாம் இதைக் கேட்ட பிறகுதான் விளங்கும். முன் தெருவில் நுழைந்து பின் தெரு வரைக்கும் நீளும் வீட்டில் ஒரே நேர்க்கோட்டில் கதவு கதவாகத் திறந்துவிட்டு நிற்கவைத்தாரென்றால், கடைசிக் கட்டின் வெளிச்சம் முகப்பிலிருந்தே தெரியும். சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த பூச்சு, சித்திரை மாத வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும்.

ஆத்தங்குடியிலும் இதே வித்தியாசம்தான். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல், அதாவது டைல், போடும் பட்டறைக்குள் யாரும் போகலாம், பார்க்கலாம், தடை இல்லை. ஆனால் வேலை வேகமாக நடக்கும், புரியாமல் ரெண்டு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். கூட்டிப்போனவர் "அண்ணே, ஒண்ணு மெதுவா காட்டுங்க" என்று சொன்னால் கல் போடுபவர் ஒன்றை நிதானமாகச் செய்து காட்டுவார். ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் டிசைன் அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒவ்வொரு நிறக் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார், கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு சிந்தாது. அச்சை மெல்லத் தூக்கிய பிறகும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை உறியவிட்டு, அப்புறம் கலவையை வைத்துக் கரணையால் மட்டம் தட்டுவார். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியிலிருந்து பிரிக்கும்போதுதான் அந்தப் பளபளப்பு தெரியும், அதற்கு முன்னால் நாம் பார்த்ததெல்லாம் கல்லின் முதுகு. என்னைக் கேட்டால் ஆயிரம் ஜன்னல் வீட்டு வாசலில் நின்று எடுக்கும் செல்ஃபியைவிட இந்தக் கால் மணி நேரம் முக்கியம். ஆயிரம் ஜன்னல் வீடு அழகான வீடுதான், ஆனால் தெருவிலிருந்துதான் பார்க்க முடியும், அதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

கைடு வேண்டாம், வண்டி மட்டும் போதும் என்றால் என்ன கிடைக்கும்? நிறையவே கிடைக்கும், ஏற்கெனவே ஒரு தடவை வந்து பார்த்தவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் இதையே சொல்வேன். ஆத்தங்குடி பெரிய வீடு, அதாவது லட்சுமி விலாஸ், கட்டணம் கொடுத்தால் யாரும் போய்ப் பார்க்கலாம், அதன் உத்தரத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துவிடும். கானாடுகாத்தானில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனையை வெளியிலிருந்து பார்க்கலாம், அதே ஊரில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகளும் உண்டு. திருமயம் கோட்டை தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, டிக்கெட் எடுத்தால் போதும். 1687-ல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை, மேலே ஏறினால் பீரங்கியும் சுற்று வட்டாரம் முழுக்கவும் தெரியும், கீழே ஒரே பாறையைக் குடைந்து சிவனுக்கு ஒரு கோயில், பெருமாளுக்கு ஒரு கோயில், அடுத்தடுத்து. 108 திவ்ய தேசங்களில் ஒன்று அந்தப் பெருமாள் கோயில். பிள்ளைகள் கோட்டையில் ஓடி விளையாடும், நீங்கள் யார் பேச்சையும் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை.

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. கைடு இல்லாத நாளில் டிரைவர்தான் கைடு ஆகிவிடுவார், அவர் சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடமும் சாமான் வாங்க நிறுத்தும் கடையும் அவருக்குப் பழக்கமான இடமாகத்தான் இருக்கும். எங்கே சாப்பிடவேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு வண்டியில் ஏறுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் அங்கே நிற்கும் தூணும் கதவும் இடித்த வீடுகளிலிருந்து வந்தவை என்பதை நினைவில் வையுங்கள். வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம், எனக்கு அந்தத் தெருவில் நடக்கும்போது மனசு கனத்துத்தான் போகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளவேண்டும்: 100 வருஷம் தாண்டிய பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ம் வருஷச் சட்டம் இடம் தராது. ஊர் ஞாபகமாக ஏதாவது வேண்டும் என்றால் கண்டாங்கிச் சேலை வாங்குங்கள், காரைக்குடியில் தறியில் நெய்வது, 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இல்லையென்றால் கொட்டான், ஓலையில் பின்னிய கூடை.

கோயில்களுக்குக் கைடு வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். நகரத்தார் கோயில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கவேண்டும் என்று வருபவர்கள் உண்டு, அவர்களுக்கு வேண்டியது வழி தெரிந்த டிரைவர்தான். பிள்ளையார்பட்டியில் பாறையில் குடைந்த கற்பக விநாயகரைப் பற்றிக் குருக்களிடம் கேட்டாலே போதும், துதிக்கை வலப்பக்கம் சுழித்திருப்பதையும் ரெண்டே கை இருப்பதையும் தீபம் காட்டும்போது பார்த்துக்கொள்ளலாம். குன்றக்குடியில் மட்டும் படியேறி முருகனைப் பார்த்துவிட்டு அப்படியே வண்டி ஏறிவிடாதீர்கள். அடிவாரத்தில் குடைவரைகள் இருக்கின்றன, நிறையப் பேர் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

வீட்டை ஹோட்டலாக மாற்றிய இடங்களில் ஒரு ராத்திரி தங்குவது இன்னொரு வழி. கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், காரைக்குடியில் பங்களா என்று இருக்கின்றன. பங்களாவில் இலையில் போடும் மதியச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைத்தால் தங்காமலும் சாப்பிடலாம். இந்த மாதிரி இடங்களில் வீட்டைச் சுற்றிக் காட்ட அவர்களே ஆள் ஏற்பாடு செய்துவிடுவதால் தனிக் கைடு தேடி அலையவேண்டாம். செலவு மற்ற எல்லா வழியையும்விட அதிகம்தான், அதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஆனால் பகலில் பத்து வீட்டைப் பார்ப்பதும் ஒரே வீட்டின் வளவில் காலை ஆறு மணிக்குக் காபியோடு உட்கார்ந்து வெயில் தூணில் இறங்குவதைப் பார்ப்பதும் ஒன்றாகாது. கல்யாண நாள், அறுபதாம் கல்யாணம் என்று ஏதாவது காரணம் இருந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள்.

பஸ்ஸில் சுற்றலாமா? தாராளமாக. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி, குன்றக்குடிக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. கானாடுகாத்தான் பக்கமும் போகலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட்டே கிடையாது, மூன்று நாலு தோழிகள் சேர்ந்து வந்தால் போக்குவரத்துச் செலவு கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். ஆத்தங்குடிக்குத்தான் பஸ் நேரம் பார்த்துப் போகவேண்டும், இல்லாவிட்டால் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ரெண்டு ஊருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். தெருத்தெருவாக நடந்து பார்க்க விரும்புபவர்களுக்கு, கேமராவும் தண்ணீர் பாட்டிலும் போதும் என்கிறவர்களுக்கு இது நல்ல வழி. பங்குனி, சித்திரையில் மட்டும் வேண்டாம், அந்தத் தெருக்களில் நிழலே இருக்காது.

சரி, கைடு வைப்பது என்று முடிவாகிவிட்டால் போனில் என்ன கேட்பது? "எத்தனை இடம் காட்டுவீங்க" என்று கேட்காதீர்கள். "அன்னைக்கு எந்தெந்த வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போக முடியும்" என்று கேளுங்கள். ஊர்ப் பெயரைச் சொல்லி, வீட்டின் விலாசத்தைச் சொல்லி, "அங்க ஒரு விசேஷம் இருக்கு, அதனால பக்கத்து வீடு பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் அவர் சரியான ஆள். "எல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று மட்டும் வந்தால் இன்னொருவரைத் தேடுங்கள். நுழைவுக் கட்டணமும் வாட்ச்மேனுக்குக் கொடுப்பதும் அவர் சொன்ன தொகைக்குள் அடக்கமா, கைடு உங்கள் வண்டியிலேயே வருவாரா, டிரைவர் பேட்டா யார் கணக்கு, இதையெல்லாம் முதலிலேயே பேசிவிடுங்கள். சுற்றுலாத்துறை அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. வாட்ச்மேனுக்குக் கொடுக்கும் காசில் கஞ்சத்தனம் வேண்டாம், கட்டணம் வாங்கும் வீட்டில் பேரமும் வேண்டாம். அந்தக் கூரை ஓடுகளையும் உத்தரத்தையும் பழுது பார்க்க ஆகும் செலவுக்கு முன்னால் நாம் கொடுப்பது ஒன்றுமே இல்லை. உள்ளே ஆச்சி யாராவது இருந்தால் சாமி அறைப் பக்கமும் சமையல்கட்டுப் பக்கமும் கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள்.

வீடும் வேண்டும், கோயிலும் வேண்டும், கையும் கடிக்கக்கூடாது என்பவர்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு: நாள் முழுக்க வண்டி, காலை அரை நாளுக்கு மட்டும் கைடு. எட்டு மணிக்குக் கானாடுகாத்தான், அங்கே ரெண்டு வீடு, பதினொன்றுக்கு ஆத்தங்குடி, பட்டறையும் பெரிய வீடும். மதியச் சாப்பாட்டோடு கைடை அனுப்பிவிட்டு, கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு, 4 மணிக்கு நடை திறக்கும்போது பிள்ளையார்பட்டி, இருட்டுவதற்குள் குன்றக்குடி. திருமயம் இதில் வராது, திருச்சி வழியாகத் திரும்புபவர்கள் மறுநாள் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம். விநாயகர் சதுர்த்தி நாட்களில் பிள்ளையார்பட்டியிலும், தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும் நாட்களில் குன்றக்குடியிலும் வண்டி நகராது, அந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள். கைடிடம் ரெண்டு மூன்று நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், அவர் வாட்ச்மேன்களுக்குப் போன் போட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டு வைக்க அவ்வளவு நேரமாவது வேண்டும்.